சந்தன நிறப் பின்னணி

தாழைக்குறிச்சியில் ஆட்களின் அளவைப் பேனர் தீர்மானிக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டபடியால், அது எப்போது, எதனால் தொடங்கியது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் முதல் வருஷம் கேட்பார்கள். அடுத்த வருஷம் அவர்களும், பேனரில் தங்கள் முகம் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என்று ஒரு வீட்டில் விசேஷம் வந்து, பிளெக்ஸ் பேனர் அடித்துத் தெருவில் கட்டினால், அந்தப் பேனரில் ஊர்க்காரர் ஒருவரின் முகம் எவ்வளவு பெரிதாக அச்சாகியிருக்கிறதோ அவ்வளவு பெரிதாக அவருடைய உண்மையான முகமும் ஆகிவிடும். முகத்துக்கு ஏற்றபடி கழுத்தும், கழுத்துக்கு ஏற்றபடி தோளும், தோளுக்கு ஏற்றபடி கைகால்களும் வளரும், அல்லது சுருங்கும். பேனரை அவிழ்த்ததும் அவர் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவார். மனித முகம் ஏறக்குறைய ஒரு சாண் என்பதால், பேனரில் ஒரு சாண் முகம் போட்டவருக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு சாண் போட்டவர் தன் வீட்டுக்குள் தவழ்ந்துதான் போகவேண்டும். கட்டை விரல் நகத்தளவு வட்டத்தில் போடப்பட்ட ஒன்றுவிட்ட சித்தப்பாக்களை யாராவது சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பந்திக்கு அழைத்துப்போக வேண்டும். ஒருமுறை அவிழ்த்த பேனருக்கு அந்தச் சக்தி போய்விடும். அதனால்தான் அதை ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரையாகவும் விறகுக்கு மூடாக்காகவும் போட முடிகிறது.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. பந்தல் காண்டிராக்டர் மூன்று அளவில் நாற்காலி வைத்துக்கொண்டார். பஸ் கண்டக்டர்கள், "பேனர் ஆளுங்கல்லாம் மேல ஏறிக்கோங்க" என்று கூரையைக் கைகாட்டினார்கள். அரசாஸ்பத்திரி டாக்டர், நெடுநெடுவென்று வளர்ந்து வருகிறவர்களிடம், வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார். செத்தவருக்கும் உடல் இருக்கும்வரை இந்த விதி பொருந்தியதால், கண்ணீர் அஞ்சலி பேனரைச் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் கட்டவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. அதற்கு முன்னால் ஒரு தடவை பாடைக்கு மூங்கில் போதாமல் போயிருந்தது. நிறம் மட்டும் மாறவில்லை. எவ்வளவு சிவப்பாக அச்சடித்தாலும் ஆள் கறுப்பாகவே வளர்ந்தார். அந்த ஒரு குறை ஊரில் பலருக்கு இருந்தது.

பேனரில் இருக்கவேண்டிய உறவுக்காரர் பேனரில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய அளவு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். கீழரத வீதியில் ஒரு மருமகனைக் கோபத்தில் விட்டுவிட்டார்கள். பேனரைத் தூக்கிக் கட்டிய நேரத்தில் அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தம்ளர் கீழே விழுந்தது, ஆளைக் காணவில்லை. பேனரை அவிழ்த்ததும் அதே இடத்தில் நின்றுகொண்டு மிச்சக் காப்பி எங்கே என்று கேட்டார். இடையில் என்ன பார்த்தீர்கள் என்று விசாரித்தபோது, ஒன்றையும் பார்க்கவில்லை, கண்ணை மூடித் திறந்தாற்போல் இருந்தது என்றார்.

தாலி இழந்த பெண்களின் முகத்தைச் சுப காரியப் பேனரில் போடும் வழக்கம் ஊரில் என்றைக்குமே கிடையாது. முன்பெல்லாம் அவர்களை மணவறைப் பக்கம் வரவேண்டாம் என்று யாராவது வாய்திறந்து சொல்லவேண்டியிருந்தது, சொல்கிறவருக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. இப்போது அந்தக் கூச்சம் இல்லாமல் போயிற்று. பேனரைக் கட்டினால் அவர்கள் இருக்கமாட்டார்கள்; அவிழ்த்தால் வந்துவிடுவார்கள். இதில் யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்று ஊர் நிம்மதியாக இருந்தது.

வடிவு, தாவீது அண்ணாச்சியின் பிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவள். ஊர்க்காரர்களின் பருக்களையும் தழும்புகளையும் அழித்து, வழுக்கையில் முடி வரைந்து, எல்லோருடைய தலைக்குப் பின்னாலும் ஒளி வீசச் செய்வது அவள் வேலை. வைகாசியில் அவளுக்கே கல்யாணம் நிச்சயமானபோது, தன் கல்யாணப் பேனரையும் அவளே செய்யவேண்டியிருந்தது. அவளுடைய அப்பா சைலப்பன் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அம்மா பிரமு தையல்காரி.

பேனர் எப்படி வரவேண்டும் என்று சொல்லப் பெரியப்பா காந்திமதிநாதனும் தாய்மாமன் சங்கரபாண்டியும் கடைக்கு வந்தார்கள். ஸ்கிரீனுக்கு முன்னால் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள்.

"ஏட்டி வடிவு, மாமன் மூஞ்சி என்ன கடலை உருண்டை கணக்கா இருக்கு?" என்றார் சங்கரபாண்டி.

"ஒரு சாண் வச்சிருக்கேன் மாமா. எல்லாருக்கும் அதேதான்."

"எல்லாருக்கும் அதேன்னா தாய்மாமன் எதுக்கு? பந்தியில சாம்பார் ஊத்துதவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

காந்திமதிநாதன் தொண்டையைக் கனைத்தார். "அவரு கேக்கதும் நியாயம்தான். அவருக்கு ஒண்ணரைச் சாண் வச்சிரு. எனக்கு ரெண்டு."

"ரெண்டா? அத்தான், பொண்ணுக்குத் தாய்மாமன் பெருசா, பெரியப்பன் பெருசா?"

"தகப்பன் ஸ்தானத்துல நிக்கேன்வே நான்."

"நல்லா நில்லுங்க, யாரு வேண்டாம்னா? சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டுத் தெரு வழியா வரப்போறது நானு. எனக்கு ரெண்டரை போடுட்டி."

"அப்போ எனக்கு மூணு."

இருவரையும் வடிவு தடுக்கவில்லை. கேட்ட அளவுக்கு இழுத்துவிட்டாள். மேல் மூலையில், மேகங்களுக்கு நடுவே, ஒளிவட்டத்தோடு அவளுடைய அப்பா இருந்தார்; அவருக்குக் கீழே 'ஆசி வழங்கும் தெய்வம்' என்று எழுதியிருந்தது. அந்த மேகத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்ததைக் காட்டி, "இங்க அம்மாவைப் போடலாமா பெரியப்பா?" என்று கேட்டாள்.

இருவரும் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்கள்.

"போடக்கூடாதுன்னு நான் சொல்லலை," என்றார் காந்திமதிநாதன், பிறகு அதையே சொன்னார். "பேனருங்கது மங்களகரமான விஷயம் பாத்துக்கோ. வாறவன் கண்ணுல முதல்ல அதுதான் படும்."

"அப்பா படம் இருக்கே."

"அவன் தெய்வம்லா."

"அம்மா உசுரோட இருக்கா பெரியப்பா."

"அதானே சிக்கல்."

அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஒரு கணக்கில் எங்கே இடிக்கிறது என்று காட்டுகிறவரைப்போல் வருத்தத்தோடுதான் சொன்னார். வடிவு மாமனைப் பார்த்தாள். பிரமு அவருக்கு ஒரே அக்கா. சின்ன வயசில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். சங்கரபாண்டி, "அக்கா…" என்று ஆரம்பித்து, ஸ்கிரீனைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மீசையில நரை தெரியுது பாரு. அதை எடுத்துரு," என்றார்.

வடிவு எடுத்துவிட்டாள்.

வீட்டில் பிரமு தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தாள். ஊரில் எல்லோரும் விசேஷத்துக்கு விசேஷம் வளர்ந்து சுருங்கிக்கொண்டிருந்ததால் தையல்காரிகளுக்கு ஓய்வே இல்லை. ஆள் வளரும், சட்டை வளராது. ஆகவே பிரமு ஒவ்வொரு சட்டையிலும் உள்பக்கமாகப் பட்டை பட்டையாக மடிப்பு வைத்துத் தைத்து, ஒரு நூலை இழுத்தால் மடிப்பெல்லாம் அவிழும்படி செய்வாள். அப்போது அவள் தைத்துக்கொண்டிருந்தது சங்கரபாண்டியின் பட்டுச் சட்டை.

"ரெண்டரைச் சாணாமே உங்க மாமனுக்கு?" என்றாள் தலையை நிமிர்த்தாமல். "துணி கொண்டு வந்து போட்டுட்டுப் போறான். ஒரு குடும்பமே குடியிருக்கலாம் இந்தச் சட்டைக்குள்ள."

"எம்மா, உன்னைப் போட மாட்டேங்காவ."

"தெரிஞ்சதுதானே."

"ஓரத்துல இத்துனூண்டா போட்டுரட்டா? மிளகு அளவு. ஒருத்தருக்கும் தெரியாது."

"மிளகு அளவு மூஞ்சின்னா நான் எறும்பு அளவு இருப்பேன். பந்தியில மிதிச்சுட்டுப் போயிருவானுவ. எந்தச் செருப்புல ஒட்டியிருக்கேன்னு தேடிக்கிட்டு இருப்பியா, இல்ல மாப்பிள்ளைக்குப் பாயசம் எடுத்துக் குடுப்பியா?" பிரமு மெஷினை மிதித்தாள். "எனக்கென்னட்டி. நல்லா தூங்கி வருஷக்கணக்காச்சு. ஒரு நாள் பூரா அடிச்சுப்போட்ட மாதிரி கிடந்துட்டு எந்திரிக்கேன்."

கொஞ்ச தூரம் ஓடிய ஊசி நின்றது.

"தாலி கட்டுத நேரத்துக்கு மட்டும் ஒரு கண்ணு தெறந்தா போதும்," என்றாள். "அதைப் பாத்துட்டா மிச்சத்துக்குத் தூங்கிருவேன்."

மறுபடியும் மெஷினை மிதித்தாள். வடிவு, அம்மா தைப்பதைத் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கடையில் அந்தப் படத்தைத் திறந்து, எங்கேயாவது இடம் கிடைக்குமா என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் முகம் முகமாகத் தெரிந்தது. சிறிதாக்கப் போனவள் கை தவறிப் பெரிதாக்கிவிட்டாள். அம்மாவின் இடது கன்னம் ஸ்கிரீன் முழுவதும் நிறைந்துவிட்டது. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, காதும் இல்லை, மாலை வெயில் பட்ட ஒரு நிறம் மட்டும் இருந்தது. மேலே நடுவில், கன்னத்து மச்சம் ஒரு தட்டு அளவுக்கு வட்டமாக இருந்தது.

டீக் குடித்துவிட்டு உள்ளே வந்த தாவீது அண்ணாச்சி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். "பேக்ரவுண்ட் நல்லா இருக்கே. எங்க இறக்குன?"

வடிவு மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"சந்தனக் கலரு. மங்களமா இருக்கு பாரு. மத்த டிசைனெல்லாம் கண்ணைக் குத்துது. இதை விட்டுறாத," என்று சொல்லிவிட்டு அவர் மெஷினுக்கு மை ஊற்றப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வடிவு அந்தக் கன்னத்தைப் பேனரின் முழு அகலத்துக்கும் இழுத்துப் பின்னால் தள்ளினாள். சுருக்கங்களை அழிக்கவில்லை. அழிப்பதே தொழிலாக இருந்தவள், முதல் தடவையாக ஒன்றையும் தொடாமல் விட்டாள். சுருக்கங்கள் பட்டுச் சேலையின் இழைபோல் குறுக்கே ஓடின. அவற்றுக்கு மேலே பெரியப்பாவையும் மாமனையும் அவரவர் கேட்ட அளவில் வைத்தாள். தன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு சாணில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். பிரமு ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"கன்னமே பேனர் அகலம்னா, நான் எவ்வளவு ஒசரம் இருப்பேன்?"

"பொத்தையை விட ஒசரம்மா."

ஊருக்குக் கிழக்கே இருக்கும் மொட்டைப் பாறைக் குன்றைத்தான் அங்கே பொத்தை என்பார்கள். பிரமு ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். பயந்துவிட்டாளோ என்று வடிவு நினைத்தாள்.

"அது சரி," என்றாள் பிரமு. "சேலைக்கு என்ன செய்ய?"

தாவீது அண்ணாச்சியின் குடோனில் ஊரில் இதுவரை கட்டி அவிழ்த்த பேனர்கள் எல்லாம் கூரை முட்டக் கிடந்தன. வடிவு அவற்றைக் கேட்டபோது அவர் எதற்கு என்று விசாரித்தார். பதிலைக் கேட்டு நெடுநேரம் தாடியைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி," என்றார் கடைசியில். "நான் குப்பையைக் காலி பண்ணுதேன். லோடு ஆட்டோக்காரன் பொத்தைக்கு அந்தப் பக்கம் கொட்டுதான். அதுக்கப்புறம் காத்து அடிச்சா நான் பொறுப்பு இல்ல." அவர் இத்தனை பேனர் அடித்தும், தன் முகத்தை ஒன்றில்கூடப் போட்டுக்கொண்டதில்லை.

அன்றிலிருந்து பிரமு வேலை முடிந்ததும் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பொத்தைக்குப் பின்னால் போனாள். காதுகுத்தோடு கல்யாணத்தையும், கல்யாணத்தோடு கட்சி மாநாட்டையும், மாநாட்டோடு கடைத் திறப்பு விழாவையும் சேர்த்துத் தார்ப்பாய் நூலால் தைத்தாள். ஆடு மேய்க்க வந்தவர்கள் என்ன என்று கேட்டால், கல்யாணத்துக்குப் பந்தல் துணி என்றாள். அது பொய்யும் இல்லை.

அச்சுக்குப் போகும் முன்பு பெரியவர்கள் இருவரும் மறுபடி வந்தார்கள். தாழைக்குறிச்சியில் பேனரைச் சரிபார்ப்பது என்றால், அவரவர் முகத்தை அவரவர் பார்ப்பது. அடுத்தவருடைய முகத்தைக்கூடத் தன் முகத்தோடு ஒப்பிடத்தான் பார்ப்பார்கள். காந்திமதிநாதன் தன் தலைமுடியைப் பார்த்தார். சங்கரபாண்டி தன் மீசையைப் பார்த்தார். இருவருக்கும் திருப்தி.

"பின்னால என்னட்டி டிசைன் இது?" என்றார் காந்திமதிநாதன், போகிற போக்கில்.

"சந்தனக் கலரு, பெரியப்பா," என்றாள் வடிவு.

"பிரமாதமா இருக்கு. ஒரு லட்சுமி களை இருக்கு பாத்தியா?"

"ஆமா அத்தான்," என்றார் சங்கரபாண்டி. "எங்கயோ பாத்த மாதிரி வேற இருக்கு."

"நல்ல டிசைன்னா அப்படித்தான்வே இருக்கும். ஆமா, மேல என்ன அது, வட்டமா, காலியா கிடக்கு? அதுக்குள்ள ஒரு பிள்ளையாரை வச்சிரு."

அப்படியாகப் பிரமுவின் கன்னத்து மச்சத்துக்குள் பிள்ளையார் உட்கார்ந்தார்.

இதற்கிடையில் மண்டப மேனேஜர், மூன்று சாண் முகமும் இரண்டரைச் சாண் முகமும் தன் மண்டபத்து வாசலில் நுழையாது, கூரையும் தாங்காது என்று சொல்லிவிட்டார். இருவரில் யாராவது அரைச் சாண் விட்டுக்கொடுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசினார்கள். விட்டுக்கொடுத்தவன் என்ற பெயரை வாங்க இருவரும் தயாராக இல்லை. ஆகவே கல்யாணம் மண்டபத்துக்கு வெளியே, பொத்தையைப் பார்த்த மைதானத்தில், திறந்த வெளியில் நடப்பதாக முடிவாயிற்று. அவர்கள் இதைத்தான் செய்வார்கள் என்று வடிவுக்குத் தெரியும். எத்தனையோ பேனர் போட்டவள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் பிரமு மகளுக்குத் தலைசீவிப் பூ வைத்தாள். பிறகு கொல்லை வழியாக இறங்கிப் பொத்தைக்குப் பின்னால் போய், விரித்து வைத்திருந்த சேலைக்கு நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டாள். மைதானத்து முகப்பில் தாவீது அண்ணாச்சியின் ஆட்கள் பேனரைத் தூக்கிக் கட்டினார்கள்.

காந்திமதிநாதன் வளர்ந்தார். சங்கரபாண்டி, வேகமாக நூலை இழுத்துச் சட்டை மடிப்புகளை அவிழ்த்துவிட்டுக்கொண்டே வளர்ந்தார். இருவரும் பனைமரங்களைப்போல் எதிரெதிரே நின்று யார் உயரம் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால், கிழக்கே, பொத்தைக்கு மேலே இன்னொரு பொத்தை மெதுவாக எழுந்தது.

வைகாசி வெயில் ஏறத் தொடங்கிய நேரம். சாமியானாத் துணி அந்த வெயிலுக்குப் போதாது, வருகிறவர்கள் வாடிப்போவார்கள் என்று சமையல்காரரிலிருந்து நாதஸ்வரக்காரர்வரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது மைதானம் முழுவதும் நிழல் விழுந்தது. மேகத்து நிழல்போல் வந்து போகாமல், அது நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வானத்தை அடைத்துக்கொண்டு மடிப்பு மடிப்பாக ஏதோ இருந்தது, மடிப்பெல்லாம் முகம், அத்தனையும் ஊர்க்காரர்களின் முகம்.

"ஏ, அங்க பாரு! நம்ம கொழுந்தியா சடங்குக்கு அடிச்ச பேனருல்லா அது!"

"அப்ப எம்மூஞ்சி எங்கல?"

"அந்தா, அந்த மடிப்புல. பாதி உள்ள போயிட்டு."

"உள்ள போயிட்டா? எவன்ல தைச்சது? என் மச்சான் மூஞ்சி மட்டும் முழுசா தெரியுது!"

தன் முகத்தைக் கண்டுபிடித்தவர்கள் பக்கத்தில் நின்றவருக்குக் காட்டினார்கள். கண்டுபிடிக்காதவர்கள் வேறு கோணத்துக்கு ஓடிப்போய்த் தேடினார்கள். இதெல்லாம் எதன்மேல் சுற்றியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணாந்து இன்னும் கொஞ்சம் மேலே பார்த்திருந்தால் ஒரு தோளும் அதற்கு மேலே ஒரு முகமும் தெரிந்திருக்கும். அங்கே வெயிலில் கண் கூசியது. மேலும், தன் முகத்தைப் பார்த்து முடித்தவருக்கு அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா வந்து காந்திமதிநாதனின் முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டார். "சம்பந்தி, எவ்வளவு பெரிய பந்தல்! ஊரையே சேத்துத் தைச்சு வச்சிருக்கியளே!"

"ஏதோ நம்மால முடிஞ்சது," என்றார் காந்திமதிநாதன் மேலே இருந்து.

வடிவு மட்டும் மணையில் உட்கார்ந்தபடி, கண் கூசினாலும் பரவாயில்லை என்று மேலே பார்த்தாள். அவள் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்து, ஓமப் புகை படுகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோனபோது மேலேயிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தது. ஒரே சொட்டுதான், ஆனால் ஒரு அண்டாவைக் கவிழ்த்த மாதிரி விழுந்தது. உயரமாக நின்ற காந்திமதிநாதன் தலையில் அதில் பாதி விழுந்தது. மீதி தெறித்து அட்சதை போடக் கையைத் தூக்கியவர்கள் எல்லோர்மேலும் பட்டது.

"மழை! மழை!" என்று கூட்டம் சந்தோஷத்தில் கத்தியது. "தாலி ஏறுத நேரத்துல கோடை மழை! இதைவிட என்ன சகுனம் வேணும்?"

காந்திமதிநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உதட்டை நக்கினார். "உப்புக் கரிக்குதே."

"கடல் பக்கத்து மேகம் அத்தான்," என்றார் சங்கரபாண்டி. சொல்லிவிட்டு அவர் ஏனோ ஒரு கணம் பொத்தைப் பக்கம் திரும்பினார். அவ்வளவு உயரத்தில் இருந்த இன்னொருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததால், அங்கிருந்து பார்த்தவர் வேறு யாரும் இல்லை. என்ன தெரிந்ததோ, சட்டென்று குனிந்து, அவிழாத மடிப்பு ஒன்றைச் சரிசெய்யத் தொடங்கினார். அதைத் தைத்தவள் யார் என்று அவருக்குத் தெரியும். பந்தி முடியும்வரை அவர் நிமிரவில்லை.

மாலைக்குள் காந்திமதிநாதனுக்கு முதுகு வலி கண்டுவிட்டது. மூன்று நாளைக்குக் கட்டியிருக்கவேண்டிய பேனரை அன்றே அவிழ்க்கச் சொன்னார். வீட்டில் தன் கட்டிலில் படுக்கவேண்டும் என்றார். வெயில் தாழ்ந்த நேரத்தில் பேனர் இறங்கியது. மறுவீட்டுக்குக் கார் நிற்கும்போது, ஒரு சாமானை மறந்துவிட்டேன் என்று சொல்லி, வடிவு ஒரு நூல் சேலையை எடுத்துக்கொண்டு பொத்தைக்குப் பின்னால் ஓடினாள்.

மலைபோல் குவிந்துகிடந்த பேனர்களுக்கு நடுவில், யாரோ ஒரு கவுன்சிலரின் நெற்றிக்குக் கீழேயிருந்து, பிரமு தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"எல்லாம் பாத்தியா?"

"உங்க பெரியப்பன் வழுக்கையும் பாத்தேன். மேல இருந்து பாத்தா அப்படியே கோயில் குளம் மாதிரி இருக்கு." சேலையை வாங்கிச் சுற்றிக்கொண்டாள். மகளின் கழுத்தருகே விளக்கைப் பிடித்துப் பார்ப்பதுபோல் குனிந்தாள். "மூணாவது முடிச்சு உன் நாத்தனா சரியாப் போடலை. அங்க இருந்தே எனக்கு மனசு கேக்கலை. திரும்பு." பின்னால் போய், ஒன்றையும் பிரிக்காமல், மூன்றாவது முடிச்சை இறுக்கினாள். அவள் கை தாலிக் கயிற்றில் பட்டதை யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கல்யாணத்து ராசியைப் பற்றி ஊர் வெகுநாள் பேசியது. நிழல் விழுந்ததையும் மழை பெய்ததையும், வடிவு கர்ப்பம் தரிக்கச் சுணங்காததையும் சேர்த்துப் பேசி, எல்லாம் அந்தச் சந்தன நிறப் பின்னணியின் விசேஷம் என்று முடிவு செய்தார்கள். இப்போது தாழைக்குறிச்சியில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பேனர் அடித்தாலும், "வடிவு கல்யாணத்துக்குப் போட்ட அதே பேக்ரவுண்டு" என்றுதான் கேட்கிறார்கள். கல்யாணம் ஆன பிறகும் அதே கடையில்தான் இருக்கிற வடிவு, சரி என்கிறாள். அதே நிறம் வரும். அதே கன்னம் வருவதில்லை. அந்தந்த வீட்டில் பேனருக்கு ஆகாத பெண் யார் என்று பார்த்து, பிரமு அளவெடுக்கிற சாக்கில் போய் ஒரு படம் எடுத்து வருகிறாள். ஒருவருக்கு மாநிறம், ஒருவருக்குக் கறுப்பு; நிறத்தை மட்டும் வடிவு சந்தனமாக மாற்றிவிடுகிறாள். ஒருவர் கன்னத்தில் அம்மைத் தழும்பு. தழும்பிருந்தால் அதற்குள் ஒரு பூவை வைத்துவிடச் சொல்கிறார்கள். கல்யாணங்கள் மைதானத்திலேயே நடக்கின்றன. சேலை பொத்தைக்குப் பின்னால் எப்போதும் மடித்து வைத்திருக்கிறது. கிழிந்த இடத்தைப் பிரமு புதுப் பேனர் வைத்து ஒட்டுப்போடுகிறாள். ஊரில் யாருக்கும் எதிலும் ஆட்சேபணை இல்லை.

போன மாசி மாதம் காந்திமதிநாதனின் மைத்துனர் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா, கணவரை இழந்தவர். வெளியூர்க்காரர் ஒருவர் பந்தியில் உட்கார்ந்து, காற்றாடக் கைகளைப் பின்னால் ஊன்றிக்கொண்டு, "நல்ல குளிர்ச்சியான இடம். ஆமா, மாப்பிள்ளையோட அம்மாவைக் காணலியே?" என்று கேட்டார்.

காந்திமதிநாதன் தன் பெரிய நாற்காலியை வெயில் படாதபடி இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவ எதுக்கு இங்க?" என்றார். "விசேஷ வீட்டுல அவ நிழல்கூட விழப்படாது."